வக்கீல் சாரும் கம்பெனி கைமாறிய கதையும்

எங்கள் அலுவலகத்தில் அவரை வக்கீல் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சட்டம் படித்தவர் இல்லை. கோர்ட்டுப் பக்கம் போனதாகவும் தெரியவில்லை. ஆனால் நான்கு பேர் உட்கார்ந்து அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் போதும், அந்த ஆளுக்காக இவர் வாதாட ஆரம்பித்துவிடுவார். யாரும் கேட்டுக்கொள்ள வேண்டாம். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

டீ நேரத்தில் அடுத்தவரைப் பற்றிப் பேசுவதைப்போல ஒரு பலகாரம் உண்டா? அதில் தினமும் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வந்தாலே பேச்சை மாற்றிவிடுவேன். பக்கத்து நாற்காலியில் இருந்த தேன்மொழிக்கு அந்தப் பொறுமை கிடையாது. “வந்துட்டாருடி, ஆஜர் ஆகப்போறாரு” என்று அவர் காதில் விழும்படியே சொல்லுவாள்.

எங்கள் அலுவலகம் திருச்சி தில்லைநகரில், ஒரு கண் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. நீங்கள் போனில் தமிழில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் வந்து வழியை மறிக்கும் இல்லையா, அதைக் கொண்டுபோய் அங்கே வைக்கிறவர்கள் நாங்கள். படிக்கிற பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை மெஷினே எடுத்து வைக்கும். அந்த மென்பொருளை எழுதியவர் எங்கள் முதலாளி. சின்ன வயதுக்காரர். முதலாளி என்று கூப்பிட்டால் கூச்சப்படுவார், அதனாலேயே அப்படிக் கூப்பிட்டோம். விளம்பர வாசகம் எழுதுவது என் வேலை. அது எங்கே எப்படிப் போகிறது என்று பார்ப்பது தேன்மொழியின் வேலை. கடை கடையாகப் போய் விளம்பரம் பிடிப்பதும், அது சரியாக வராதபோது அந்தக் கடைக்காரர்களிடம் திட்டு வாங்குவதும் வக்கீல் சாரின் வேலை. அதற்கு முன்னால் நாளிதழ்களுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவர். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. அங்கிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் வந்த கதையைச் சொன்னால் அவரைப் புரிந்துகொள்ளலாம். மண்ணச்சநல்லூர் என் ஊர், அதனால் அந்த விளம்பரத்தை நானே ஆசையாக எழுதியிருந்தேன். ‘மூன்று வேளையும் மணக்கும் பொன்னி’ என்பது வாசகம். எங்கள் மெஷின் அதை எடுத்துக்கொண்டு அரிசி என்ற சொல் எங்கே அதிகம் வருகிறது என்று தேடியது. சர்க்கரை நோயாளிகள் அரிசியைத் தொடவே கூடாது என்று ஒரு டாக்டர் எழுதிய கட்டுரை கிடைத்தது. அதன் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதுவும் நாள் முழுக்க.

ஆலைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். “ஏங்க, என் அரிசியத் தின்னாதீங்கன்னு நானே விளம்பரம் குடுக்கணுமா? சம்பந்தி வீட்டுலேருந்து போன் பண்ணிச் சிரிக்கிறாங்க” என்று மேஜையைத் தட்டினார்.

வக்கீல் சார் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, “தப்புதாங்க, மாத்திடறோம். ஆனா அந்த டாக்டர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. அவரு என்ன உங்க மேல கோவப்பட்டா எழுதியிருக்காரு? அவர்கிட்ட வர்ற ஜனம் மருந்தையும் முழுங்கிட்டு ஒரு குண்டான் சோத்தையும் சாப்பிட்டா அவரு என்ன பண்ணுவாரு?” என்றார்.

“நான் டாக்டரைக் கேக்க வரலைங்க. உங்களைக் கேக்க வந்தேன்!” என்று கத்தினார் ஆலைக்காரர். டாக்டருக்கான வாதம் முடிகிறவரை வக்கீல் சார் விடவில்லை. ஆலைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் போனதும் தேன்மொழி அவரைப்போலவே வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். வக்கீல் சார் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிக்காதீங்கம்மா. பாகம் பிரிச்சப்ப அண்ணனுங்க நல்ல மெஷினை வச்சுக்கிட்டு ஓட்டை மெஷினை இவர் தலையில கட்டுனாங்க. அதை வச்சுக்கிட்டு மேல வந்த மனுசன். சம்பந்தி முன்னாடி சிரிப்பாப் போச்சுன்னா வலிக்காதா?” என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்த மனிதரிடம் மல்லுக்கு நின்றவர் இவர்தானா என்று இருந்தது. இந்தப் பேச்சில் பாதியை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அந்த ஆள் குளிர்ந்துபோய்க் கிளம்பியிருப்பார். ஆனால் எதிரில் இருக்கிறவருக்கு வக்கீல் சாரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. அவருடைய ஆதரவு வேண்டுமென்றால் முதலில் வெளியே போக வேண்டும்.

இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டவள் தேன்மொழி. சம்பள உயர்வு பற்றி முதலாளி பேசக் கூப்பிட்டால், எப்படியாவது வக்கீல் சாரையும் அந்த அறைக்குள் இழுத்துக்கொண்டு போவாள். பேச்சு ஆரம்பித்ததும், “இருங்க, டீ சொல்லிட்டு வந்துடறேன்” என்று நழுவுவாள். திரும்பி வரும்போது காரியம் முடிந்திருக்கும். ஒரு தடவை டீக்கடை மூடியிருந்ததால் சீக்கிரம் திரும்பிவிட்டாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள் என்று முதலாளி வெளியே போயிருந்தார். வக்கீல் சார் முதலாளியின் கஷ்டங்களை வரிசையாக எடுத்துச் சொல்ல, இவளே அந்த வருடம் உயர்வு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. தம்பி கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்த பிறகு தேன்மொழி சொன்னாள், நான் இல்லாத நாட்களில் முதலாளி என்மேல் எரிந்து விழுந்ததாகவும், வக்கீல் சார் எனக்காகப் பிடிவாதமாகப் பேசியதாகவும். நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லப் போனேன். “அது இருக்கட்டும்மா. ஆனா அவரு கோவத்துலயும் நியாயம் இருக்கு. தீபாவளி நேரத்துல யாராவது இத்தனை நாள் லீவு போடுவாங்களா?” என்று ஆரம்பித்துவிட்டார். நன்றி சொல்லப் போன இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் முதலாளி எங்களை எல்லாம் ஹாலுக்குக் கூப்பிட்டார். சட்டையை இன் செய்திருந்தார். அதிலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. வெளிநாட்டுப் பெரிய தொழில்நுட்பக் கம்பெனி ஒன்று எங்களை வாங்கப்போகிறது என்றார். தமிழ்ப் பக்கங்களைப் படிக்கத் தெரிந்த எங்கள் மெஷின் அவர்களுக்கு வேண்டுமாம். யாரோ கை தட்டினார்கள். மற்றவர்கள் தட்டாததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

சாயங்காலத்துக்குள் தில்லைநகர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழே கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் பெண், “அப்ப நீங்கள்லாம் வெளிநாடு போயிருவீங்களாக்கா?” என்று கேட்டாள். டீ மாஸ்டர் எங்களுக்கு மட்டும் கண்ணாடி டம்ளரை இன்னொரு தடவை கழுவினார். வீட்டில் அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப உனக்கு வேலை இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு” என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை. அரிசி ஆலைக்காரர் மறுநாளே வந்து வக்கீல் சார் முன்னால் உட்கார்ந்தார். “அவனுங்க வாங்கிட்டா நான் இனிமே யார்கிட்ட வந்து கத்தறது?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே அது பெரிய கவலையாக இருந்தது.

எங்களுக்குள் இரண்டு நாள் சந்தோஷம், அப்புறம் பயம், பயம் முற்றியதும் முதலாளி மேல் கோபம். வித்துட்டான், நம்மளையும் சேத்து வித்துட்டான் என்று டீ நேரத்தில் புலம்பினோம். வக்கீல் சார் வழக்கம்போல எழுந்தார்.

“அந்தப் பையன் பக்கம் பாருங்க. இவ்வளவு பெரிய கம்பெனி வந்து கேக்குது. மாட்டேன்னு சொன்னா அவங்களே இதே மாதிரி ஒண்ணைச் செஞ்சு கடையத் தொறப்பாங்க. அப்புறம் நமக்கு யாரு விளம்பரம் குடுப்பா? நம்ம அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டு அந்தப் பையன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த ரோட்டுல நடப்பான்?” என்றார்.

நாங்கள் கொஞ்சம் அடங்கினோம். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். தனக்காக இப்படிப் பேசுகிறாரே என்று முகம் மலர்ந்திருந்தது. வக்கீல் சார் அவர் பக்கம் திரும்பி, “தம்பி, இவங்க வேலைக்கு அவங்ககிட்ட ஏதாவது எழுதி வாங்கினீங்களா, இல்லையா?” என்றார். மலர்ந்த முகம் வாடிப்போனது. “பாத்துக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பார்த்துக்கொள்ளும் நாளும் வந்தது. யார் யாரை வைத்துக்கொள்வது என்று பேசப் பெரிய கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் பெங்களூரிலிருந்து டிவி திரையில் வந்தார். தமிழ்க்காரர்தான், மரியாதையாகப் பேசினார். நாங்கள் எல்லோரும் இருக்கலாம் என்றார். மூச்சு வந்தது. கடைகளுக்குப் போய்வரும் வேலை மட்டும் இனி இருக்காது, குறை இருந்தால் கடைக்காரர்கள் இணையத்தில் எழுதிப் போட வேண்டும், அதற்குப் பதில் அங்கிருந்து வரும் என்றார். அதாவது வக்கீல் சார் வேண்டாம். எங்களில் வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்காத வயது அவர் ஒருவருக்குத்தான். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி வீட்டிலிருந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைப்பவர். வக்கீல் சாரின் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது.

அவர் அப்போது அங்கே இல்லை. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ்காரர் ஏதோ குறை சொல்கிறார் என்று போயிருந்தார்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். தேன்மொழி எழுந்து நின்றாள். “மேடம், ஒரு நிமிஷம். அவர் இல்லாம இங்க ஒரு கடைக்காரரும் நம்மகிட்ட நிக்கமாட்டாங்க” என்று ஆரம்பித்தாள். அரிசி ஆலைக்காரர் கதையைச் சொன்னாள். அந்த ஆள் வாரா வாரம் வந்து கத்திவிட்டுப் போகிறார், ஆனால் விளம்பரத்தை ஒருநாளும் நிறுத்தவில்லை, ஏனென்றால் கத்துவதற்கு இங்கே ஒரு ஆள் இருக்கிறார் என்றாள். வக்கீல் சாரோடு எந்நேரமும் சண்டை போட்டவள், அப்படியே அவரைப்போலவே பேசினாள். நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மாள் சிரித்தார். எழுதிக்கொண்டார். “எனக்குப் புரியுது. ஒரு வருஷத்துக்காவது அந்தப் போஸ்ட்டை வச்சுக்க முடியுமான்னு மேல கேக்கறேன். கேக்கலாம்னுதான் தோணுது” என்றார்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நெட் தடுமாறி, வாய் பாதி திறந்தபடி படம் திரையில் அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரத்தில்தான் வக்கீல் சார் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

நாங்கள் குதித்துக்கொண்டிருந்தோம். “சார், உங்களை எடுக்கப் பாத்தாங்க. தேன்மொழி மடக்கிட்டா. அந்தம்மா கவுந்துட்டாங்க” என்று யாரோ சொன்னார்கள். அவர் திரையைப் பார்த்தார். அசையாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்தார்.

“அந்தம்மா இல்லாதப்ப இப்படிப் பேசறது தப்பு. அவங்க பக்கம் கொஞ்சம் பாருங்க. திருச்சியில ஒரு ஆளை வச்சுக்கிட்டா நாளைக்கு மதுரைக்காரன் கேப்பான், சேலத்துக்காரன் கேப்பான். ஊருக்கு ஊரு இப்படி ஆள் போட்டு அவங்களுக்குக் கட்டுப்படியாகுமா? இவங்க நமக்காக மேல போய்க் கேட்டா, இந்தப் பொண்ணுக்கு வேலை பாக்கத் தெரியலன்னு அவங்க தலையிலதான் விடியும். அந்தப் பொண்ணும் யார் வீட்டுப் பொண்ணோ, சம்பளத்துக்கு வந்திருக்கு” என்றார். தேன்மொழி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவில்லை. ஒரு கடைக்காரர் கத்துவதைக் கேட்பதற்காக ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படிச் சரியாகும் என்று, நிதானமாக எடுத்துச் சொன்னார்.

நின்றது படம் மட்டும்தான். நாங்கள் பேசியது அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. திரையில் அந்த அம்மாள் மறுபடியும் அசைந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. “சார், ரொம்ப தேங்க்ஸ். எனக்கே இவ்வளவு தெளிவாச் சொல்ல வந்திருக்காது” என்றார். அதோடு முடிந்தது.

படியில் இறங்கும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டேன். “அந்தப் பக்கம் அவங்க தனியா இருந்தாங்கம்மா. இங்க நீங்க இத்தனை பேர் இருந்தீங்க” என்றார். ஏதோ எண்ணெய் வாங்க மறந்ததற்குக் காரணம் சொல்கிற குரலில் சொன்னார்.

வழியனுப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. அதனால் எல்லோரும் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேச முடிந்தது. இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் மறுத்திருப்பார். அரிசி ஆலைக்காரர்கூட வந்திருந்தார். பேசச் சொன்னபோது இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரு குக்கர் வாங்கியிருந்தோம். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சின்ன வீடு. கூடத்தில் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. அவர் மனைவி ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். “வாம்மா, உக்காரு. பால் வாங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு” என்றார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “என்னதாம்மா நடந்துச்சு? கம்பெனிக்காரங்க பண்ணதுதான் நியாயம்னு சொல்றாரே தவிர, வேற ஒண்ணும் சொல்லமாட்டேங்கிறாரு” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“எனக்கு இது புதுசில்லம்மா. மாமியாரைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னா, அவங்க பக்கம் பேசுவாரு. நாத்தனாரைச் சொன்னா, அவங்க பக்கம். மாமியார் படுக்கையில கெடந்தப்ப சொன்னாங்க, உன்னைப் பத்தி ஒரு குறை சொல்ல விடமாட்டான்டி என் புள்ளைன்னு. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. நல்லாத்தான் பேசுவாராம் எனக்காக. நான்தான் ஒருநாளும் என் காதால கேட்டதில்ல” என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. இந்த வருடம் மழை குறைவு என்பதுபோலச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வக்கீல் சார் பால் பாக்கெட்டோடு வந்தார். அவர் மனைவி அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தமும் குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. வக்கீல் சார் குக்கர் பெட்டியைப் பார்த்து, “எதுக்கும்மா இதெல்லாம்” என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. “சார், தப்பா நினைக்காதீங்க. வேலை போன மனுசன்கிட்ட அக்கா இவ்வளவு கோவமா இருக்கக் கூடாது” என்றேன். அவர் மனைவி கோபமாகவே இல்லை. நான் சொன்னது பச்சைப் பொய்.

அவர் முகம் மாறியது. “அவ பக்கம் உனக்குத் தெரியாதும்மா” என்று தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

“ரோட்டுல ஒரே சத்தம் சார். காதுல விழல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றேன்.

அவர் குரலை உயர்த்தினார். “அவ கோவப்பட்டா அதுல ஒரு தப்பும் கிடையாது. எங்கம்மா படுத்த படுக்கையாக் கெடந்தப்ப பெத்த பொண்ணு செய்யாததை இவ செஞ்சா. கண்ணு எரிய எரியத் தைச்சு மகளைப் படிக்க வைக்கிறா. நான் ஊரு நியாயம் பூரா பேசிட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் ஏன்யா இப்படின்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அவ கேக்கணும்மா. என்னை நிக்க வச்சுக் கேக்கணும். அந்த உரிமை அவளுக்கு இல்லாம வேற யாருக்கு இருக்கு?”

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. உள்ளே பாத்திரம் பண்டம் எதுவும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீயும் வாசனை வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்தார். எழுந்திருக்கப் போனார்.

“பால் போனாப் போகட்டும் சார்” என்று அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். “நீங்க உக்காந்து மிச்சத்தையும் சொல்லுங்க.”